தகரக் கூரை மேல் நதிமகள்

1931 மார்ச் 10, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. கூரை மேல் மூன்றாம் காட்சியில் நதிமகளாக ஆடியது இரீனா என்று எழுதினேன். ஆடியது வேரா. காதில் வேரா என்றுதான் விழுந்தது. பத்திரிகையில் இரீனா என்று போட்டிருந்ததால் காதைத் திருத்திவிட்டேன். லூசி சொன்ன பிறகுதான் ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் முதலில் கேட்டதை எழுதுவது, பிறகு பத்திரிகையைப் பார்ப்பது.

இதை எழுதியவன் மரியநாதன். சிங்கப்பூருக்கு வடக்கே சிகாமட்டுக்கு வெளியே, ஏழாம் மைலில் இருந்த ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டு ஆஜர் போடுவதும், அவர்கள் கொண்டுவரும் பாலை நிறுப்பதும் அவன் வேலை. சாயங்காலம் சைக்கிளை மிதித்து டவுனுக்கு வந்து, மாதா கோயிலை ஒட்டிய கொட்டகையில் நடந்த மாலைப் பள்ளியில் இங்கிலீஷ் படித்தான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். தன்மேல் அவனுக்கு இருந்த சந்தேகம் வேறு யார் மேலும் இருந்ததில்லை.

அந்தக் கொட்டகைக்குத் தகரம் போட்ட வருஷத்திலிருந்து, வோல்கா நடனக் குழு என்ற ரஷ்யர்களின் பாலே குழு எந்த ஊரில் ஆடினாலும் அந்தக் காலடி அந்தக் கூரையில் கேட்டது. பாரிஸில் ஆடினாலும் கேட்டது, பம்பாயில் ஆடினாலும் கேட்டது. அங்கே ராத்திரி என்றால் இங்கே விடியற்காலை என்கிற கணக்கெல்லாம் கூரைக்கு இல்லை. ஓசையைப் பிடித்து வைத்திருந்து, விளக்கேற்றி வகுப்பு தொடங்கிய பிறகுதான் விட்டது. மேலே ஏறிப் பார்த்தவர்களுக்குக் காய்ந்த ரம்புத்தான் இலைகளும் யாரோ தொலைத்த பந்தும் தவிர வேறொன்றும் தென்படவில்லை. தகரம் சிங்கப்பூரில் இடித்த ஒரு பழைய நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது, அதனால்தான் இப்படி என்று ரயில்வே ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அதே லாரியில் வந்த மீதித் தகரத்தை ஒரு சீனர் தன் பன்றிக் கொட்டகைக்குப் போட்டிருந்தார், அங்கே மழை மட்டும்தான் கேட்டது. பங்குச் சாமியார் ஒருமுறை வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஆட்டம் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

பள்ளியில் வாத்தியார் கனகராஜுக்குப் பாடப் புத்தகம் போதவில்லை. தோட்டத்துத் துரை வீட்டுக்குத் தையல் வேலை செய்த லூசி, துரைசானி படித்துத் தள்ளிய படப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவற்றில் நடனக் குழுக்களின் செய்தி மட்டும் ஒரு பக்கம் வரும். கூரை மேல் கேட்பவர்கள் யார் யார் என்று அந்தப் பக்கத்திலிருந்துதான் ஊருக்குத் தெரிந்தது. வகுப்பும் அதை வைத்தே நடந்தது. அதனால் அங்கே படித்தவர்களுக்கு இங்கிலீஷில் ஒரு தபால் தலை கேட்க வராது. ஆனால், 'இரண்டாம் காட்சியில் அம்மையார் சற்றே தளர்ந்து காணப்பட்டார்' என்று பிழையில்லாமல் சொல்வார்கள். யார் வியன்னாவில் குழுவை விட்டுப் போனார், யாருக்கு யாருடைய வேஷத்தைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் சிகாமட்டில் அரிசி விலையைப் போலப் பேசப்பட்டது. ஊர் இரண்டு கட்சியாகவும் ஆயிற்று. இரீனாவின் கட்சிக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வீரமுத்து தலைவர். வேராவின் கட்சிக்கு லூசி.

"இரீனா குதிச்சா பூனை குதிச்ச மாதிரி. ஒங்க ஆளு குதிச்சா அரிசி மூட்டைய எறக்கின மாதிரி," என்பார் வீரமுத்து.

"மூட்டையா இருந்தாலும் நேரத்துக்கு எறங்குதில்ல? ஒங்க ரயிலுக்கு அந்தக் கொடுப்பினை உண்டாண்ணே?" என்பாள் லூசி.

மரியநாதன் எந்தக் கட்சியிலும் இல்லை. சண்டை முற்றினால் அவனைத்தான் கேட்பார்கள். வேரா தாவி இறங்கும்போது இடது கால் ஒரு கண்ணிமை நேரம் பிந்தி விழும் என்று முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். அந்தக் காது அவனுக்குப் பெரட்டில் வந்தது. விடியுமுன் இருட்டில் லாந்தர் வெளிச்சம் அவன் கையிலிருக்கும் தாளில் மட்டும் விழும். பெயர் கூப்பிட்டதும் முன்னால் வருகிற காலடியைக் கேட்டே, வருவது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே அந்த மாசியில் கிருஷ்ணம்மா என்று கூப்பிட்டபோது அங்கம்மா நடந்து வந்ததும் அவனுக்குத் தெரிந்தது. அங்கம்மாவுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, அந்தப் பாதம் தரையில் சற்று இழுத்தாற்போலத்தான் விழும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் பெயருக்கு ஒருமுறையும் கிருஷ்ணம்மாவின் பெயருக்கு ஒருமுறையும் வந்தாள். கிருஷ்ணம்மா பாதத்தில் புண் வைத்து, கூலிகளின் வரிசை வீடான லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ரப்பர் விலை விழுந்து எல்லாத் தோட்டத்திலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. பெரட்டுக்கு வராதவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் பெயரைத்தான் துரை முதலில் வெட்டினார். பெயர் வெட்டுப்பட்டவர்களை ரயிலேற்றி, கப்பலேற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்கள். கிருஷ்ணம்மா அங்கிருந்து வந்தது கைக்குழந்தையாக. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், அந்தக் கரையில் பெயர் சொல்லி விசாரிக்க ஓர் ஆள் கிடையாது. அதனால் அங்கம்மாவும் லயத்தில் இன்னும் நாலு பெண்களும் அவளுடைய மர வரிசையைப் பங்குபோட்டு வெட்டினார்கள். ஒரு புள்ளி தவறினாலும் எழுதிவைக்கிற மரியநாதன் இதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. அங்கம்மாவின் காலடிக்குக் கிருஷ்ணம்மா ஆஜர் என்று போட்டான்.

இப்போது நடனக் குழு கடல் தாண்டிப் பத்தாவியாவில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தது சிங்கப்பூர், சனிக்கிழமை. நதிமகள் முகத்தில் மெல்லிய திரை போட்டுக்கொண்டு ஆடுகிற வேஷம். பத்திரிகை இரீனா என்றது, கூரை வேரா என்றது. குழுவின் முதலாளி ஆட முடியாதவர்களைப் பாதி வழியில் கப்பலேற்றி வீட்டுக்கு அனுப்புகிறார் என்றும் அதே பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. செவ்வாய்க்கிழமை பிழையைத் திருத்தி எழுதிவிட்டு விளக்கை இறக்கும்போதுதான் மரியநாதனுக்கு விளங்கிற்று. அங்கேயும் ஒருத்தி காலைத் தூக்கிவைத்துக்கொண்டு கிடக்கிறாள், இன்னொருத்தி அவள் பெயருக்கு வந்து நிற்கிறாள்.

விளங்கியதை அவன் வெளியே சொல்லவில்லை. ஆனால் வீரமுத்து, காலடியை வைத்தே ஆளைச் சொல்கிற கிராணி எங்கள் வகுப்பில் இருக்கிறான் என்று ஸ்டேஷனுக்கு வந்த துரையின் டிரைவரிடம் பெருமையடித்திருந்தார். புதன்கிழமை பால் நிறுக்கும்போது அய்யாவு கங்காணி வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றார். ஆள் குறைந்தால் தன் பெயர் தப்பும் என்று கணக்குப் போட்டிருந்தவர் அவர்.

"என்ன சின்னக் கிராணி, ஒனக்குக் காதுலயே கண்ணு இருக்காமே?"

"யார் சொன்னது கங்காணி?"

"டவுனே சொல்லுது. தொர இன்னிக்குச் சாயங்காலம் ஒங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றாரு. நீ சொல்றது சரியா இருந்தா, நாளைக்குப் பெரட்டுல ஒன்னை முதுகு காட்டி நிக்க வெச்சு, வர்ற காலெல்லாம் யாரு காலுன்னு கேக்கப் போறாரு. ஒரே ஆளு ரெண்டு பேருக்கு வருதுன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம் லா."

மரியநாதன் தராசு முள்ளைப் பார்த்தபடி நின்றான். நாளைப் பெரட்டில் பொய் சொல்ல முடியாது. அவன் முதுகு காட்டி நிற்கும்போது துரை வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பொய் சொல்ல முடிந்த இடம் இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம்தான். அங்கே அவன் காது எதற்கும் உதவாத காது என்று ஆகிவிட்டால், பெரட்டுக்கு அதை யாரும் கொண்டுபோகமாட்டார்கள். இவ்வளவு தெளிவாக யோசித்த பிறகும், சைக்கிளில் வருகிற வழியெல்லாம், வேறு எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்ற பயம் விலகவில்லை.

துரை முன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்த பத்திரிகை. அவரும் நடனக் குழுக்களின் பின்னால் அலைந்தவர்தான். லண்டனில் பிள்ளையாக இருந்தபோதே மேல்மாடியில் நின்று பார்த்தவர், சனிக்கிழமைக்கு முன்வரிசைச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். கங்காணி கதவோரம் நின்றார். வாத்தியார் கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. ஆறரை மணிக்குக் கூரையில் முதலில் சிறு தூறல் மாதிரி கேட்டது, அது கூட்டமாக வருகிற பெண்கள். பிறகு அவர்கள் ஒதுங்கினார்கள். ஒருத்தி தனியாக வந்தாள். மூலையிலிருந்து மூலைக்கு ஓடித் தாவினாள். வலது கால் இறங்கியது. கண்ணிமை நேரம் கழித்து இடது கால்.

அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. லூசி தலை நிமிராமல் பென்சிலைக் கூராக்கினாள். வீரமுத்துவுக்கும் தெரிந்தது, அவர் ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

"கிராணி," என்றார் துரை தோட்டத்துத் தமிழில். "யார் ஆடுது?"

மேலே மறுபடியும் தாவல். மரியநாதன் வாழ்க்கையில் தெரிந்தே ஒரு பிழையைச் சொன்னதில்லை. தெரியாமல் சொன்னதற்கே நாள் போட்டு எழுதிவைத்தவன்.

"இரீனா, தொரை."

"நல்லா கேட்டு சொல்."

"நல்லாக் கேட்டேன் தொரை. இரீனாதான்."

"அப்படிச் சொல்லு!" என்று வீரமுத்து தொடையில் தட்டினார்.

துரை பத்திரிகைக்குள்ளிருந்து ஒரு தந்தியை எடுத்து விரித்தார். பத்தாவியாவில் இருந்த அவருடைய சிநேகிதர் அனுப்பியது. இரீனா ஒரு வாரமாக ஓட்டல் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்றும், முதலாளிக்கே தெரியாமல் வேறு யாரோ ஆடுவதாகப் பேச்சு என்றும் அதில் இருந்தது. "நீ பேப்பர் படிக்குது. காது கேக்குது இல்லை," என்றார் துரை. பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "வேற யாருக்கும் தெரியுமா?"

"எங்களுக்கு எப்பவும் முசாங் ஓடுற மாதிரிதான் இருக்கும் தொரை," என்றாள் லூசி. "இந்தப் பக்கம் மரநாய் ஜாஸ்தி."

துரை சிரித்தார். ஆனால் அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, காது இல்லாவிட்டால் கண் இருக்கிறது என்று கங்காணியிடம் சொன்னார். ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகைச் சாம்பலைச் சலித்து, பெரட்டுக் களத்தில் லாந்தருக்கு முன்னால் பாய் அகலத்துக்குப் பரப்பு. ஒவ்வொருத்தராக அதை மிதித்து வரட்டும். தடத்தைப் பார்த்த பிறகு துடைப்பத்தால் கலை. எந்தத் தடம் இரண்டு தடவை வருகிறது என்று நானே பார்க்கிறேன் என்றார்.

காதுக்கு ஒரு பொய் சொல்லலாம். நாலு விரல் தடத்துக்கு என்ன சொல்வது? மரியநாதன் அன்று நேராக லயத்துக்குப் போய் அங்கம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"வேற யாராச்சும் வரலாம்ல?" என்றான்.

"எல்லாருக்கும்தான் அவங்கவங்க பேரு இருக்கே தம்பி. எல்லாருந்தானே மிதிக்கணும். ரெண்டாந் தடவ யாரு மிதிச்சாலும் தெரிஞ்சிருமே."

உள்ளேயிருந்து கிருஷ்ணம்மா, "நானே தவழ்ந்தாவது வர்றேங்க்கா," என்றாள். அங்கம்மா கதவைத் திறந்து அவளுடைய காலைக் காட்டினாள். மரியநாதன் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வியாழக்கிழமைப் பெரட்டில் பனி இறங்கியிருந்தது. சாம்பல் வெள்ளையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. துரை டார்ச் லைட்டுடன் குனிந்து நிற்க, கங்காணி துடைப்பத்துடன் நின்றார். மரியநாதன் பெயர் கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து மிதித்துத் தாண்டினார்கள், தடம் விழுந்தது, டார்ச் எரிந்தது, துடைப்பம் கலைத்தது. அங்கம்மா என்று கூப்பிட்டதும் நாலு விரல் தடம் விழுந்தது. துரை அதன் மேல் டார்ச்சைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். அவள் வரிசையின் மறுபக்கம் போய் நின்றாள், அங்கிருந்து நகரவில்லை. முக்காட்டுத் துணியை வாயில் கடித்திருந்தாள்.

அடுத்து இருந்தது கிருஷ்ணம்மாவின் பெயர். அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான், பென்சிலை மாற்றிப் பிடித்தான். பிறகு வேறு வழியில்லாமல் கூப்பிட்டான்.

யாரும் அசையவில்லை. கங்காணி தொண்டையைச் செருமினார். துரை டார்ச்சை நிமிர்த்தினார். அப்போது லயத்துப் பக்கம் சாக்கடையை யாரோ தாண்டுகிற ஓசை மரியநாதனுக்குக் கேட்டது. வலது கால் இறங்கியது. கண்ணிமை நேரம் கழித்து இடது கால். அது கூரையில் கேட்ட காலடி. கிருஷ்ணம்மாவின் காவிச் சேலையை முக்காடு இட்டுக்கொண்டு, வெட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருத்தி இருட்டிலிருந்து வந்து சாம்பலைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் தலையை மட்டும் லேசாகச் சாய்த்தாள். "இருக்கேங்க," என்று குரல் கேட்டது. அது அங்கம்மா துணிக்குள்ளிருந்து சொன்னது.

துரை குனிந்தார். சாம்பலில் குதிகால் இல்லை, விரல் இல்லை. கட்டைவிரலால் மாவில் அழுத்தினாற்போல வட்டமாகச் சில குழிகள், ஒன்றன்முன் ஒன்றாக.

"இது காலே இல்லீங்களே தொரை," என்றார் கங்காணி. "கம்பு ஊன்றின மாதிரில்ல இருக்கு."

துரை வெகுநேரம் குனிந்தே இருந்தார். லண்டனில் மேல்மாடியிலிருந்து இறங்கி, ஆட்டம் முடிந்த மேடைக்கு ஓடிப்போய், பலகையில் நுனிக்கால் பதித்த வட்டச் சுண்ணாம்புத் தடங்களைத் தொட்டுப் பார்த்த பிள்ளை அவர் என்று துரைசானி பின்னாளில் லூசியிடம் சொன்னாள். அவர் நிமிர்ந்தபோது டார்ச் அணைந்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஆள் வந்துச்சு," என்றார். "பேர் போடு, கிராணி." கங்காணி துடைப்பத்தை எடுத்தார். அதைக் கலைக்க வேண்டாம் என்று துரை சொன்னார். மிச்சப் பேர் அந்தத் தடத்தைச் சுற்றி நடந்து போனார்கள்.

அன்று கிருஷ்ணம்மாவின் மரங்களிலிருந்து பால் குறைவில்லாமல் வந்தது. வெட்டு மட்டும் வழக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நுனிக்காலில் நின்று வெட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று அங்கம்மா சொன்னாள். குழு அன்றைக்குப் பத்தாவியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடலில் இருந்தது, கூரையில் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் லூசி, "எங்க ஆளு பெரட்டுக்கே வந்துட்டுப் போயிருக்கா. ஒங்க ஆளு எங்கண்ணே?" என்று கேட்டாள். வீரமுத்து வருத்தத்துடன், "கால் சரியில்லாதவளைக் கேலி பண்ணாத லூசி," என்றார். அதற்குப்பின் அந்த ஒரு வாரம் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

கிருஷ்ணம்மாவின் புண் பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் ஆறிற்று. அவள் பெயர் கடைசிவரை வெட்டுப்படவில்லை, வளர்ந்த பிறகு அவளுடைய பிள்ளைகளின் பெயரும் அதே பெரட்டில் கூப்பிடப்பட்டது. சிங்கப்பூரில் நதிமகளாகத் திரையில்லாமல் ஆடியவள் வேரா என்று பத்திரிகையே போட்டது. இரீனா சில மாதத்தில் தேறி மறுபடி ஆடினாள், அன்றைக்கு வீரமுத்து பள்ளிக்கு லட்டு கொண்டுவந்தார். துரை மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பினார். குழு கலைந்த பிறகு கூரையில் மழை மட்டும் கேட்டது, அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வாரத்துக்கு மரியநாதன் எழுதி முடித்தது இவ்வளவுதான்.

மார்ச் 13, வெள்ளி. இன்றும் வந்தாள். வெட்டு நேற்றைவிடத் தாழ்ந்திருக்கிறது, பழகிக்கொள்கிறாள். புதன்கிழமை நான் துரையிடம் சொன்ன பிழையை இங்கே திருத்தவில்லை, அது இருக்கட்டும். நாளை சிங்கப்பூரில் ஆட்டம் இருப்பதால் வேரா வரமாட்டாள். துரையும் ஆட்டம் பார்க்கப் போகிறார். நாளைய வேலை: கிருஷ்ணம்மாவின் மரங்களை அங்கம்மாவுக்கும் மற்ற நாலு பேருக்கும் பிரித்துக் கொடுப்பது. வேராவின் வெட்டு உயரத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது.